ஆடுகளம் மாறலாமா?

புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர்க் கொம்யூனில், தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்த ஊர் சோரியாங்குப்பம். நெல்லும் கரும்பும் விளையும் நிலப்பகுதி அது. அறுவடை முடிந்து தாள் மட்டும் எஞ்சி நிற்கும் வயலொன்றில் மாலைப்பொழுதில் சிறுவர் சிலர் பந்தாடுகின்றனர் எனக் கொள்வோம். கோல் கம்பங்களுக்கு மாற்றாக நான்கு செங்கற்கள். எல்லைக் கோட்டுக்கு மாற்றாக வரப்பு. வேலை முடிந்து வீடு திரும்பும் உழவர் வரப்பின்மீது சற்றே நின்று ஆட்டத்தைக் காண்பர். இடுப்பில் குழந்தையுடன் வந்த பாட்டி, தன் பேரன் பந்தை உதைத்தானா, விழுந்தானா என்று பார்த்து நிற்பாள். எவரும் சீட்டு வாங்குவதில்லை. எவரும் இருக்கை தேடுவதுமில்லை.

ஒரு நாள் ஒருவர் வந்து, “உங்கள் ஆட்டம் இனி இவ்வயலில் வேண்டா. புதுவை உப்பளத்திலுள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கில் நடைபெறட்டும். அங்கே படிப்படியாக அமைந்த இருக்கைகள் உண்டு, செப்பமான ஆடுகளமும் உண்டு” என்று கூறினால் என்ன நிகழும்? சிறுவர் துள்ளிக் குதிப்பர். ஆனால் வரப்பில் நின்ற உழவரும் பாட்டியும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கடந்து நாள்தோறும் அங்கே செல்வரோ? ஆடுவோர் அவரே, பந்தும் அதுவே, எனினும் ஆட்டம் வேறாகிவிடும்.

இது நாம் கற்பித்துக்கொண்ட ஒரு காட்சிதான். ஆயினும் இதே வினா உலகின் பெருநகரங்களில் உள்ள கால்பந்தாட்டக் கழகங்களை நூறாண்டுகளுக்கும் மேலாக அலைக்கழித்து வந்துள்ளது. நம் தமிழகத்து அணி ஒன்றும் இவ்வினாவை எதிர்கொண்டது. தொழில்முறை அணி ஒன்று தான் ஆடிப் பழகிய களத்தை விட்டுப் புதிய அரங்கிற்குச் செல்லலாமா? செல்லலாம் எனின், எவ்வளவு தொலைவு செல்லலாம்? அதனை முடிவு செய்ய உரியவர் யாவர்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

தொழில்முறை அணி என்பது ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்ளும் அணியாகும். பயிற்சியாளர், மருத்துவர், ஆடுகளத்துப் புல்லைப் பேணுவோர் எனப் பலர் அதனை நம்பி வாழ்கின்றனர். இச்செலவுகளுக்கெல்லாம் வருவாய் வேண்டும். நுழைவுச் சீட்டு விற்பனை, ஆட்டத்தை ஒளிபரப்பும் நிறுவனங்கள் தரும் தொகை, விளம்பரம் செய்வோர் தரும் பணம், ஆட்டக்காரரைப் பிற கழகங்களுக்கு மாற்றிக் கொடுப்பதால் கிடைக்கும் பொருள் ஆகியவற்றால் கழகம் நடைபெறுகின்றது. அரங்கம் பெரிதானால் சீட்டுகள் மிகுதியாக விற்கும்; வசதி மிக்க இருக்கைகளுக்கு மிகுதியான விலையும் வைக்கலாம். ஆதலின், புதிய அரங்கை நாடுவோரைப் பேராசைக்காரர் என்று நாம் எடுத்த எடுப்பிலேயே இகழ்தல் தகாது. கணக்கு ஏட்டைப் பார்ப்பவருக்கு அவர் கவலை விளங்கும்.

பணத்தினும் மேலான காரணம் ஒன்றும் உண்டு. அது மக்களின் உயிர். 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு பெரும் அணிகள் மோதின. பார்வையாளரிடையே எழுந்த பூசலும் நெரிசலும் பதினாறு பேர் உயிரைக் குடித்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1989-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ என்னும் அரங்கில், கம்பி வேலியிட்ட நிற்குமிடத்தில் கூட்டம் அளவு கடந்து நெருங்கியதால் 97 பேர் மாண்டனர். அதன்பின் அமைந்த விசாரணையின் முடிவாக, அந்நாட்டின் உயர்ந்த பிரிவுகளில் ஆடும் கழகங்கள் தம் அரங்கில் ஒவ்வொருவருக்கும் இருக்கை அமைத்தல் வேண்டும் என்னும் விதி வந்தது. பழைய அரங்குகள் பலவற்றில் அதற்கு இடமில்லை. சுற்றிலும் வீடுகள் நெருங்கியிருக்க, சுவரை எங்கே தள்ளிக் கட்டுவது? ஆதலின் சில கழகங்கள் இடித்துக் கட்டின. சில வேறிடம் தேடிப் புறப்பட்டன. இவ்வாறு புறப்பட்டதைக் குறை கூற எவராலும் இயலாது.

வாடகைப் பூசலால் களம் மாறிய கழகமும் உண்டு. அக்கதை சுவையானது. லிவர்ப்பூல் நகரத்து எவர்ட்டன் கழகம் 1884 முதல் ஆன்ஃபீல்டு என்னும் திடலில் ஆடிவந்தது. 1891-ஆம் ஆண்டில் அக்கழகம் நாட்டின் வாகையும் சூடியது. புகழ் பெருகப் பெருக வாடகையும் பெருகியது. திடலுக்கு உரிமை கொண்டாடிய ஜான் ஹோல்டிங் என்பவருக்கும் கழக உறுப்பினருக்கும் இடையே மனத்தாங்கல் முற்றியது. 1892-ஆம் ஆண்டில் எவர்ட்டன் கழகத்தார் ஆன்ஃபீல்டைத் துறந்து, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறம் குடிசன் பார்க் என்னும் புதிய அரங்கை அமைத்துக்கொண்டனர். ஹோல்டிங்கிடம் எஞ்சியது ஆள் இல்லாத திடல். அவர் என்ன செய்தார்? அத்திடலுக்கென்றே புதிய அணி ஒன்றைத் தோற்றுவித்தார். அதுவே இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் லிவர்ப்பூல் கழகம்! ஓர் அணி களம் மாறியதால் ஒரே நகரில் இரண்டு அணிகள் விளைந்தன. எவர்ட்டன் சென்ற தொலைவு ஒரு மைலுக்கும் குறைவு. பழைய திடலுக்கு நடந்து வந்தவர் புதிய அரங்குக்கும் நடந்தே வரலாம். ஒரு பூங்காவைக் கடந்தால் போதும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

இனி, புதிய அரங்கம் என்றால் பழையதினும் மேலானது என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் எல்லா அரங்கும் கால்பந்தாட்டத்துக்கென்றே கட்டப்படுவதில்லை. நம் நாட்டில் பெரும்பாலான பேரரங்குகள் ஓட்டப் பந்தயத்துக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவை. சென்னையிலும் கோவையிலும் ஜவாஹர்லால் நேரு பெயரால் அமைந்த அரங்குகள் இரண்டும் அத்தகையனவே. புல்தரையைச் சுற்றி 400 மீட்டர் ஓடுபாதை வளைந்து செல்லும். இதனால் பார்வையாளருக்கு நேரும் இழப்பைக் கணக்கிட்டே காணலாம்.

பன்னாட்டுப் போட்டிகளுக்கு ஏற்ற கால்பந்துக் களத்தின் நீளம் 105 மீட்டர். அகலம் 68 மீட்டர். முறைப்படி அமைந்த ஓடுபாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர். இரு முனைகளிலும் உள்ள அரைவட்டங்களின் ஆரம் 36.5 மீட்டர். ஆகவே பாதையின் உட்புற நீளம் முனைக்கு முனை ஏறத்தாழ 157.4 மீட்டர் ஆகும். அதிலிருந்து களத்தின் நீளத்தைக் கழித்து, எஞ்சியதை இரண்டாகப் பகுத்தால், கோல் கோட்டுக்கும் பாதையின் உள்விளிம்புக்கும் இடையே 26 மீட்டர் இருக்கும். எட்டு ஓட்டவரிகள், ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலம். அவை ஏறத்தாழ 10 மீட்டர். ஆக, கோல் கம்பத்துக்குப் பின்னே முதல் வரிசையில் அமர்ந்தவர்கூடக் கோல் கோட்டிலிருந்து 36 மீட்டருக்கு அப்பால்தான் இருப்பார். பக்கவாட்டில் இத்துணை இழப்பு இல்லை. அங்கே 12 மீட்டர் அளவே. கால்பந்துக்கென்றே கட்டிய பழைய அரங்குகளிலோ முதல் வரிசைக்கும் கோட்டுக்கும் இடையே சில மீட்டர் மட்டுமே இருக்கும். ஆட்டக்காரன் மூச்சு வாங்கும் ஒலி கேட்கும். அவன் காலில் பட்ட பந்தின் ஓசை கேட்கும். லண்டன் மாநகரில் வெஸ்ட் ஹாம் என்னும் கழகம், 1904 முதல் ஆடிவந்த நெருக்கமான தன் அரங்கை விட்டு 2016-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் அரங்குக்குச் சென்றது. இருக்கைகள் பெருகின, ஆனால் ஆட்டம் எட்டத்தில் போய்விட்டது என்ற மனக்குறை அதன் அன்பர்களிடையே எழுந்தது. நாற்பதினாயிரம் பேர் தொலைவிலிருந்து பார்ப்பதினும் இருபதினாயிரம் பேர் அருகிருந்து பார்ப்பது கால்பந்தாட்டத்துக்கு உகந்தது என்பதே என் கருத்து.

நம் நாட்டில் கல்கத்தா நகரத்தார் இவ்விடரைத் தீர்த்துக்கொண்ட முறை பாராட்டத்தக்கது. 1889-ஆம் ஆண்டில் தோன்றியது மோகன் பகான் கழகம். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், ஒருவர் நீங்க மற்றவரெல்லாம் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலப் படையணி ஒன்றை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று கேடயம் பெற்றனர் அதன் வீரர். அவ்வெற்றி நாட்டு விடுதலை உணர்ச்சியோடு கலந்துவிட்டது. இக்கழகத்தின் களமும் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் களமும் நகரின் நடுவே மைதானம் எனப்படும் பரந்த வெளியில் உள்ளன. அந்நிலம் படைத்துறையின் பொறுப்பில் இருப்பது. அங்கே விரும்பியவாறு பெரிய மாடங்கள் எழுப்ப இயலாது. 1984-ஆம் ஆண்டில் உப்பு ஏரிப் பகுதியில் பேரரங்கம் ஒன்று எழுந்தது. இரு கழகங்களும் மோதும் பெரிய ஆட்டங்கள் அங்கே நடைபெறலாயின. 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் நடந்த ஓர் ஆட்டத்தைக் காண 1,31,781 பேர் கூடினர். ஆனால் பழைய களங்கள் தூர்ந்து போகவில்லை. கழகத்தின் அலுவலும் பயிற்சியும் சிறிய ஆட்டங்களும் மைதானத்திலேயே இருந்தன. மாலையில் அலுவலகத்திலிருந்து டிராம் வண்டியைப் பிடிக்கச் செல்பவர் வழியில் நுழைந்து பார்க்கலாம். பெருங்கூட்டத்துக்குப் பேரரங்கம், அன்றாட உறவுக்குப் பழைய களம் என இரண்டையும் வைத்துக்கொண்டனர்.

சென்னையில் கிரிக்கெட் ஆட்டமும் ஒருமுறை இவ்வாறு வீடு மாறித் திரும்பியது. சேப்பாக்கத்தில் நடைபெற்று வந்த பன்னாட்டு ஐந்து நாள் ஆட்டங்கள் 1956-ஆம் ஆண்டில் பெரியமேட்டுப் பக்கமுள்ள மாநகராட்சி அரங்கிற்கு மாறின. மாறிய முதல் ஆட்டத்திலேயே வினு மங்கட், பங்கஜ் ராய் இருவரும் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடக்க இணையாக நின்று 413 ஓட்டங்கள் எடுத்தனர். 2008-ஆம் ஆண்டுவரை அச்சாதனையை முறியடிப்பார் இல்லை. இத்துணைப் புகழோடு தொடங்கியும் அவ்வரங்கில் ஆட்டங்கள் 1965-உடன் நின்றன. 1967-ஆம் ஆண்டு ஜனவரியில் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே மீண்டது. இரண்டு இடங்களும் ஒரே நகருக்குள் இருந்தமையால் போனதாலும் வந்ததாலும் எவரும் தம் அணியை இழக்கவில்லை. அம்மாநகராட்சி அரங்கு இருந்த இடத்தில்தான் இன்று ஜவாஹர்லால் நேரு அரங்கம் நிற்கின்றது. நாம் கூறவந்த தமிழகத்து அணியின் கதையும் அங்கேதான் தொடங்குகின்றது.

சென்னை சிட்டி எஃப்.சி. என்பது அவ்வணியின் பெயர். 1946-ஆம் ஆண்டில் நேதாஜி விளையாட்டுக் கழகம் எனத் தோன்றிய பழைய கழகம் அது. 2016–17 பருவத்தில் ஐ-லீக் என்னும் தேசியத் தொழில்முறைத் தொடரில் அதற்கு இடம் கிடைத்தது. அப்பொழுது அதன் களம் சென்னை நேரு அரங்கம். ஆனால் அவ்வரங்கில் ஏற்கெனவே வேறொரு குடித்தனம் இருந்தது. 2014-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னையின் எஃப்.சி. என்னும் அணி இந்தியன் சூப்பர் லீக் தொடரின் ஆட்டங்களை அங்கே ஆடிவந்தது. 2015-இல் அத்தொடரை வென்று, நகர மக்களின் நெஞ்சில் இடமும் பெற்றுவிட்டது. இரு அணிகளுமே அரசின் அரங்கில் வாடகைக்கு இருந்தவை. 2017–18 முதல் இரு தொடர்களும் ஒரே பருவத்தில் நடைபெறலாயின. அப்பருவத்திலேயே சென்னை சிட்டி அணி தலைநகரை விட்டு ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் மேற்கே, கோவை நேரு அரங்கிற்குச் சென்றது. பெயர் மட்டும் மாறவில்லை. கோவையில் ஆடும் அணிக்குச் சென்னை என்று பெயர்! கேட்போருக்கு வியப்பாக இருப்பினும் நடந்தது அதுவே.

ஐந்நூறு கிலோமீட்டர் என்பது ஒரு பூங்காவைக் கடப்பதன்று. சென்னையில் அவ்வணியைப் பின்பற்றிய சிலருக்கு அது கைவிட்டுப் போனதே ஆகும். ஆனால் கோவைக்கோ அது புதுவரவு. அந்நகரில் அதற்குமுன் அத்தகைய தேசியத் தொடர் ஆட்டங்கள் இல்லை. பெயர் வேறு ஊருடையதாயினும் கோவை மக்கள் அதனைப் புறக்கணிக்கவில்லை. 2018–19 பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். பெட்ரோ மான்சி என்னும் வீரர் அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். தமிழக இளைஞரும் அணியில் இடம்பெற்றனர். தொடரின் கடைசி நாளாகிய 2019 மார்ச் 9 அன்று நிலைமை இவ்வாறு இருந்தது: சென்னை சிட்டி 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகள். சென்னை சிட்டி வென்றால் வாகை. வெல்லாமற்போய், கோழிக்கோட்டில் ஆடும் ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் வாகை கல்கத்தாவுக்கு. கோவை அரங்கில் மினர்வா பஞ்சாப் அணியே முதலில் கோல் அடித்தது. இடைவேளையிலும் சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. பிற்பாதியில் மான்சி தண்ட உதை ஒன்றால் சமன் செய்தார். பின்னர்க் கௌரவ் போரா என்னும் தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல்கள் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை வென்றும் பயனில்லை. ஒரே ஒரு புள்ளியில் வாகை தமிழகத்துக்கு வந்தது. ஐ-லீக் தொடரை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி அதுவே. அந்த ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் புகழ்வாய்ந்த பாசல் கழகமும் அவ்வணியில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது.

இதுவரை படிப்பவர், “களம் மாறியது நன்றே ஆயிற்று” என்பர். நானும் அந்நாளில் அவ்வாறு கூறுவதைத் தடுக்கமாட்டேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியது. 2020–21 பருவத்து ஆட்டங்கள் யாவும் மேற்கு வங்காளத்திலேயே, பார்வையாளர் இன்றி நடைபெற்றன. அதற்குப்பின் சென்னை சிட்டி அணி ஐ-லீக் தொடரில் ஆடவேயில்லை. வாகை சூடி மூன்று ஆண்டுகள் நிரம்புமுன் அணி களத்திலிருந்து மறைந்துவிட்டது. அரங்கம் அங்கேயே இருக்கின்றது, ஓடுபாதை இருக்கின்றது, அணிதான் இல்லை. சென்னையிலேயே தங்கியிருந்தால் அது நிலைத்திருக்கும் என்று நான் துணிந்து கூறமாட்டேன். அணியை நடத்துவோரின் பொருள் வலிமை, சங்கத்தின் விதிகள், நோய்க்காலம் எனப் பல நூல்கள் பின்னிய முடிச்சு அது. எனினும் ஒன்று தெளிவு. வேரூன்றிய மரத்தைப் புயலின்போது மண் பிடித்து வைத்திருக்கும். ஓரிரு பருவம் முன்னர்ப் பெயர்த்து நட்ட மரத்துக்கு அந்தப் பிடிப்பு இருப்பதில்லை. மூன்று பருவங்களில் கோவை மக்கள் அவ்வணியை விரும்பத் தொடங்கியிருந்தனர். தம்முடையது என்று போராடும் அளவுக்கு அது முதிரவில்லை.

அவ்வாறு போராடிய மக்கள் உண்டா? உண்டு. தென்மேற்கு லண்டனில் விம்பிள்டன் என்னும் பகுதி, டென்னிசு ஆட்டத்தால் பெயர் பெற்றது. அங்கே ஒரு சிறிய கால்பந்தாட்டக் கழகமும் இருந்தது. 1912 முதல் பிளவ் லேன் என்னும் எளிய களத்தில் ஆடி, படிப்படியாக உயர்ந்து, 1988-ஆம் ஆண்டில் வலிமை மிக்க லிவர்ப்பூல் அணியை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையையே கைப்பற்றியது. ஹில்ஸ்பரோ துயரத்துக்குப்பின் எழுந்த புதிய விதிகளுக்கு அச்சிறு களம் ஈடுகொடுக்க இயலாதெனக் கருதி, 1991-இல் அக்கழகத்தார் கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் அரங்கில் ஒட்டுக்குடியாகப் புகுந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒட்டுக்குடி வாழ்வு. இறுதியில் உரிமையாளர்கள் அணியை மில்ட்டன் கீன்சு என்னும் புதிய நகருக்குக் கொண்டு செல்ல விரும்பினர். இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அன்பர்கள் கதறினர், எதிர்த்தனர். எனினும் 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில், சங்கம் அமைத்த மூவர் குழு அதற்கு இசைவு அளித்தது. 2003-இல் அணி புறப்பட்டது. அடுத்த ஆண்டு பெயரையும் மாற்றிக்கொண்டது.

விம்பிள்டன் மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? இசைவு வந்த சில வாரங்களிலேயே தாமே ஒரு புதிய கழகம் தொடங்கினர். ஊர்ப் பொதுவெளியில், “ஆட விரும்புவோர் வரலாம்” என்று அழைத்து ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தனர். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் அக்கழகம் ஒன்பதாம் படியில், ஊதியம் இல்லாத எளிய அணிகளோடு ஆடத் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகளில், 2011-இல், தொழில்முறை லீக்கினுள் நுழைந்துவிட்டது! 2020-ஆம் ஆண்டு நவம்பரில், பழைய பிளவ் லேன் களத்திலிருந்து கூப்பிடு தொலைவில் தனக்கென ஓர் அரங்கையும் திறந்தது. அதனைக் கட்டி முடிக்கப் பணம் போதாதபோது கழக அன்பர்களே கடன் பத்திரம் வாங்கிப் பொருள் உதவினர். கழகத்தின் பெரும்பங்கு உரிமையும் அன்பர் சங்கத்திடமே உள்ளது. உரிமையாளர் எடுத்துச் சென்றது அணியின் உரிமச் சீட்டை, அணியை அன்று.

ஆகவே களம் மாறுவது குற்றமா, நன்மையா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. பழைய பார்வையாளர் புதிய அரங்கை அடைய முடியுமா என்று கேட்க வேண்டும். சென்னையில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். மாநகர எல்லையில் உள்ளவருக்குக் கடைசிப் பேருந்து இருக்குமா? தந்தையோடு வந்த சிறுமி வீடு சேர எவ்வளவு நேரம் ஆகும்? இருக்கை எத்தனை என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவர். பேருந்து எத்தனை மணிவரை என்பதைப் போடமாட்டார். புதிய அரங்கம் யாருடையது என்பதும் கேட்கத்தக்கது. இங்கிலாந்தில் பல கழகங்களுக்குச் சொந்த அரங்கம் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் அரசோ மாநகராட்சியோ உரிமையாளர், அணிகள் குடியிருப்பவை. குடியிருப்பவருக்கு வீடு மாறுவது எளிது. அவ்வெளிமையே தீங்காகவும் முடிகின்றது. 2019-இல் டெல்லி டைனமோஸ் என்னும் அணி ஒரே கோடையில் புவனேசுவரத்துக்குச் சென்று ஒடிசா எஃப்.சி. ஆயிற்று. டெல்லியில் ஐந்து பருவம் அதற்காகக் குரல் கொடுத்தவரிடம் எவர் இசைவு கேட்டார்?

இசைவு கேட்பது நடவாத செயலன்று. செருமனி நாட்டில் 1998 முதல் ஒரு விதி உண்டு. கழகத்தை நடத்தும் குழுமத்தில் வாக்குரிமையின் பெரும்பகுதி கழக உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து பொருள் இடுவோர் எவ்வளவு செல்வராயினும், ஒரு சில விலக்குகள் நீங்கலாக, அவரால் தனித்து முடிவு செய்தல் இயலாது. அங்கே ஓர் அணியை இரவோடு இரவாக வேற்றூருக்குப் பெயர்த்தல் அரிது.

பூங்காவைக் கடந்து சென்ற எவர்ட்டன் கழகத்தை மீண்டும் காண்போம். நூறாண்டுகளில் குடிசன் பார்க் அரங்கும் பழமையடைந்தது, மரத்தால் ஆன இருக்கைகள், பார்வையை மறைக்கும் தூண்கள், சுற்றிலும் வீடுகள். நகர எல்லைக்கு வெளியே கிர்க்பி என்னும் இடத்துக்குச் செல்லலாமா என்று 2007-இல் கழகத்தார் தம் அன்பர்களிடையே வாக்கெடுப்பு நடத்தினர். வாக்களித்தோரில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் இசைந்தனர். எஞ்சியவர் வாளாவிருக்கவில்லை, “எம் அணி எம் நகரிலேயே இருக்கட்டும்” என இயக்கம் கண்டனர். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் அரசு அத்திட்டத்தை மறுத்துவிட்டது. அணி மேலும் பதினைந்து ஆண்டுகள் பழைய அரங்கிலேயே ஆடியது. பின்னர் நகருக்குள்ளேயே, மெர்சி ஆற்றங்கரையில் பயனற்றுக் கிடந்த கப்பல் துறை ஒன்றைத் தூர்த்து, ஐம்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் புதிய அரங்கம் கட்டப்பட்டது. இதற்கும் விலை இல்லாமலில்லை. அக்கரையில் எழும் புதுக் கட்டடங்களால் பழமை கெடுகின்றது என்று கூறி, 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் லிவர்ப்பூல் துறைமுகத்தை உலக மரபிடங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாறு நீக்குதற்கு இவ்வரங்கமும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

2025-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் எவர்ட்டன் ஆடவர் அணி குடிசன் பார்க்கில் தன் கடைசி ஆட்டத்தை ஆடி வென்றது. 1892 முதல் அங்கே ஆடியவர், அங்கே நின்று பார்த்தவர், அவர்தம் பிள்ளைகள், பேரர் ஆகியோர் நினைவுகள் அவ்வரங்கின் ஒவ்வொரு படியிலும் படிந்திருந்தன. அதனை இடித்துத் தரைமட்டமாக்கி விற்றுவிடுவதே முதலில் இருந்த எண்ணம். பின்னர் அது கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முதல் எவர்ட்டன் மகளிர் அணி குடிசன் பார்க்கைத் தன் களமாகக் கொண்டு ஆடிவருகின்றது.